முதல் மனநலக் கள ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெறுதல்: புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

சமூகப்பணியில் முதுகலை முடித்து, ஒரு தொண்டு நிறுவனத்தின் மனநலத் திட்டத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு, முதன்மை ஆய்வாளர் என்று என் பெயரைப் போட்டு நான் செய்த முதல் ஆய்வு, நாமக்கல் மாவட்டத்தில் விசைத்தறி ஓட்டும் பெண்களிடையே காணப்படும் மனச்சோர்வைப் பற்றியது. ஜனவரியில் நெறிமுறைக் குழுவிடம், அதாவது மனிதர்களிடம் செய்யும் ஆய்வு பங்கேற்பவருக்குத் தீங்கு செய்யாததா என்று பார்த்து அனுமதிக்கும் குழுவிடம், கோப்பைக் கொடுத்தேன். ஒப்புதல் கடிதம் செப்டம்பரில் கைக்கு வந்தது. அந்த எட்டு மாதங்களில் குழு எடுத்துக்கொண்டது கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டு மாதம்கூட இல்லை. மீதி அத்தனையும், எந்த வேலையை எதற்கு முன்பு முடிக்க வேண்டும் என்று தெரியாமல் நான் தொலைத்த நாட்கள்.

சமூகப்பணி, உளவியல், பொதுச் சுகாதாரம், சமூக மருத்துவம் ஆகிய துறைகளிலிருந்து வந்து, தமிழ்நாட்டில் நேர்காணல் வழியாக முதல் மனநல ஆய்வைச் செய்யப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மருந்துப் பரிசோதனைக்கு விதிகள் வேறு. அதற்கு இது உதவாது.

1. எந்தக் குழுவிடம் போவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, உயிர்மருத்துவ, உடல்நல ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுக்கள் மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் பெறும் பதிவு வேறு, இது வேறு. குழுவின் செயலரிடம் பதிவு எண்ணையும் அது எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று தயங்கி நான் கேட்காமல் விட்டேன். நான் முதலில் அணுகிய குழுவின் பதிவு காலாவதியாகி, புதுப்பிக்க விண்ணப்பித்திருந்தார்கள் என்பது ஐந்து வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

உங்கள் கல்லூரியிலோ தொண்டு நிறுவனத்திலோ குழு இல்லாவிட்டால், குழு இருக்கும் வேறொரு நிறுவனத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டு அவர்களுடைய குழுவின் பரிசீலனைக்கு அனுப்பலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை வழிகாட்டுதல்கள் இதற்கு இடம் தருகின்றன. ஒப்பந்தத்தில் இரு தலைமைகளும் கையெழுத்திட வேண்டும் என்பதால் ஒரு மாதத்தை இதற்கென்றே ஒதுக்கி வையுங்கள். துறையின் ஆய்வுக் குழு உங்கள் தலைப்பை ஏற்றுக்கொண்டது நெறிமுறை ஒப்புதல் ஆகாது. பல நிறுவனங்களில் அறிவியல் குழு ஒன்று முதலில் பார்த்து அனுப்பினால்தான் நெறிமுறைக் குழு கோப்பைத் தொடும். இரண்டு குழுக்களும் எந்த மாதங்களில் கூடுகின்றன, கோப்பைக் கொடுக்கக் கடைசி நாள் எது என்பவற்றை முதல் நாளே வாங்கி நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் குழுவின் கடைசித் தேதியை இரண்டு நாள் தவறவிட்டால் உங்களுக்குப் போவது இரண்டு மாதம்.

2. வினாத்தாளுக்கு உரிமை இருக்கிறதா என்று பாருங்கள்

ஆய்வை எப்படிச் செய்யப் போகிறீர்கள் என்று விவரிக்கும் முன்வரைவை எழுத உட்காருவதற்கு முன்பே இதை முடிக்க வேண்டும். மனநல ஆய்வில் புழங்கும் அளவீட்டு வினாத்தாள்களில் சில யாரும் பயன்படுத்தலாம் என்று விடப்பட்டவை. சில காசு கொடுத்து வாங்க வேண்டியவை. மனச்சோர்வுக்கான பி.எச்.கியூ-9, பதற்றத்துக்கான ஜி.ஏ.டி-7 ஆகிய இரண்டுக்கும் அனுமதியும் வேண்டாம், கட்டணமும் இல்லை. இரண்டுக்கும் தமிழ் வடிவம் கிடைக்கிறது. பெக் மனச்சோர்வு அளவுகோல், பொதுவான மனநலத்தைப் பார்க்கும் ஜி.எச்.கியூ-12, நினைவாற்றல் முதலியவற்றைச் சோதிக்கும் எம்.எம்.எஸ்.இ. ஆகியவை பதிப்பாளரின் உரிமைக்கு உட்பட்டவை. வாழ்க்கைத் தரத்தை அளக்கும் 26 கேள்விகள் கொண்ட உலக சுகாதார அமைப்பின் வினாத்தாளுக்கு அந்த அமைப்பிடம் அனுமதி கேட்க வேண்டும்.

இவை எல்லாமே துறை நூலகத்தில் பழைய ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் கிடைக்கும். ஜெராக்ஸ் எடுத்துப் பயன்படுத்திவிட்டு, இதழுக்கு அனுப்பும்போது உரிமக் கடிதம் கேட்டு மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். தமிழ் மொழிபெயர்ப்பு ஒருவர் தம் ஆய்வுக்காகச் செய்தது என்றால், மூல வினாத்தாள் இலவசமாகவே இருந்தாலும், அந்த மொழிபெயர்ப்பாளரின் அனுமதியையும் எழுத்தில் வாங்குங்கள்.

தமிழ் வடிவம் கையில் இருக்கிறது என்பதற்காக அது களத்தில் ஓடும் என்று நம்பிவிடாதீர்கள். உங்கள் ஆய்வில் பங்கேற்கப் போகிறவர்களைப் போன்ற எட்டுப் பத்துப் பேரிடம் ஒவ்வொரு கேள்வியையும் படித்துக் காட்டி, "இதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். இந்த முன்சோதனையும் மனிதர்களிடம் செய்வதுதான் என்பதால், அதையும் முன்வரைவில் ஒரு கட்டமாக எழுதி, ஒப்புதல் வந்த பிறகே செய்ய வேண்டும். பி.எச்.கியூ-9இன் முதல் கேள்வி, எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்ததா என்பது. குமாரபாளையத்தில் ஓர் அம்மா, "ஆர்வமா? கரண்ட் இருந்தா தறி ஓட்டணும், அதுக்கு என்ன ஆர்வம்?" என்று திருப்பிக் கேட்டார். அவர் வேலையைச் சொன்னார். கேள்வியோ வேலைக்கு வெளியே அவருக்குப் பிடித்தவை எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கிறது. "கடந்த 2 வாரங்களில்" என்ற கால எல்லையும் அப்படித்தான் நழுவியது. நேர்காணல் நாளுக்குப் பொருந்தும்போது "போன அமாவாசையிலிருந்து" என்று நினைவூட்டினால் எல்லோரும் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள். இத்தகைய விளக்கங்களை நேர்காணல் கையேட்டில் எழுதிவையுங்கள். வினாத்தாளின் வாசகத்தில் கை வைக்காதீர்கள்.

3. முன்வரைவில் மாதிரியின் அளவைச் சரியாகக் கணக்கிடுங்கள்

முன்வரைவின் மற்றப் பகுதிகளை உங்கள் வழிகாட்டி பார்த்துக்கொள்வார். புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் மாதிரியின் அளவு, அதாவது எத்தனை பேரிடம் நேர்காணல் எடுக்க வேண்டும் என்பது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. இந்த எண்ணை மனச்சோர்வின் அளவாக எடுத்துக் கணக்குப் போட்ட முன்வரைவுகளை நான் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித்தான் போட்டேன். அதே கணக்கெடுப்பில் மனச்சோர்வுக் கோளாறு மட்டும் 2.7 சதவீதம். அந்த எண்ணும் உங்களுக்கு உதவாது, ஏனென்றால் அது கட்டமைக்கப்பட்ட நோயறி நேர்காணலில் கிடைத்தது, பி.எச்.கியூ-9 என்பதோ சல்லடை போன்றது. 10 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் பெற்றவர்களைச் சல்லடையில் தங்கியவர்கள் என்றுதான் சொல்லலாமே தவிர நோயாளிகள் என்று சொல்லிவிட முடியாது. ஆகவே இதே வினாத்தாளை இதே போன்ற மக்களிடம் பயன்படுத்திய ஆய்வைத் தேடி, அதன் அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டாக, 25 சதவீதம் என்று எதிர்பார்த்து, 5 சதவீதப் புள்ளிகள் முன்பின் துல்லியம் வேண்டுமென்றால் 289 பேர் தேவை. ஆனால் தெருத்தெருவாகத் தொகுதிகளைத் தேர்ந்தெடுத்து, அங்கே உள்ளவர்களைச் சந்திப்பதாக இருந்தால், ஒரே தெருவில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள் என்பதற்காக எண்ணிக்கையைப் பெருக்க வேண்டும். பெருக்கும் எண் 2 என்று கொண்டால் 578. பத்தில் ஒருவர் மறுப்பார் என்று சேர்த்தால் 643. குழுவிலிருந்த புள்ளியியலாளர் இந்த ஒரு கேள்வியைத்தான் என்னிடம் கேட்டார். விடை தெரியாததால் என் ஆய்வின் அளவும் நேர்காணல் செய்வோரின் சம்பளமும் ஒரே நாளில் இரண்டு மடங்காயின.

4. தகவல் தாளையும் ஒப்புதல் படிவத்தையும் முதலில் தமிழில் எழுதுங்கள்

ஆங்கிலத்தில் எழுதிவிட்டுத் தமிழாக்கினால் "இவ்வாய்வில் தங்களின் பங்கேற்பு முற்றிலும் தன்னார்வ அடிப்படையிலானது" என்பது போன்ற வாசகங்கள்தான் வரும். தமிழில் எழுதிக்கொண்டு, குழுவுக்காக ஆங்கிலத்தில் மாற்றுங்கள். "விருப்பம் இருந்தால் பேசலாம். வேண்டாம் என்றால் யாரும் எதுவும் கேட்க மாட்டோம்; நடுவில் நிறுத்தவும் செய்யலாம்" என்று இருந்தால் கேட்கிறவருக்குப் புரியும். யார் நடத்துகிறார்கள், என்ன கேட்பீர்கள், எவ்வளவு நேரம் ஆகும், என்ன சங்கடம் வரலாம், தகவல் யார் கண்ணில் படும், சந்தேகம் வந்தால் யாரை அழைப்பது ஆகியவை தவறாமல் இடம்பெற வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டி, ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரைச் சாட்சியாக வைத்துக் கைநாட்டு வாங்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர்களிடம் செய்யும் ஆய்வுக்குப் பெற்றோரின் ஒப்புதலோடு பிள்ளையின் இசைவும் தேவை: 7 முதல் 11 வயது வரை வாய்மொழியாக, 12 வயதிலிருந்து எழுத்தில்.

மனநோய் உள்ளவர்களை ஆய்வில் சேர்க்கிறீர்கள் என்றால், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 99ஆம் பிரிவை ஒருமுறை முழுவதும் படித்துவிடுங்கள். வெறும் நேர்காணலாக இருந்தாலும் அவர்களுடைய சுதந்திரமான, விவரமறிந்த ஒப்புதல் கட்டாயம். ஒப்புதல் தரும் நிலையில் இல்லாதவரிடம் உளவியல் சிகிச்சை முதலான எதையாவது செய்து பார்ப்பதாக இருந்தால், மாநில மனநல ஆணையத்தின் அனுமதி இல்லாமல் தொடங்க முடியாது. வீட்டாரின் கையெழுத்து மட்டும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது.

களத்தில் கண்ட இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். படிவத்தை நீட்டியதும் ஒரு பாட்டி, "ஏங் கண்ணு, இது எந்தக் குழுக்கடன்?" என்று கேட்டார். வாரத் தவணைக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டுப் பழகிய ஊரில், கையெழுத்து என்றாலே கடன்தான். அதன் பிறகு "இது கடன் படிவம் அல்ல, ஆதார் எண்ணோ வங்கிக் கணக்கோ கேட்க மாட்டோம்" என்ற வரியை முதல் வரியாக வைத்தோம். இன்னொன்று, படிவத்தின் ஒரு படி பங்கேற்பவரிடமே இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் முதல் படிவத்தில் "மனச்சோர்வு ஆய்வு" என்று தடித்த எழுத்தில் தலைப்பு இருந்தது. அதை மாமியார் கண்ணில் படும்படி வீட்டில் வைக்க முடியாது என்று இரண்டு பேர் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தலைப்பைத் "தறி வேலை செய்யும் பெண்களின் நலம்" என்று மாற்றி, என்ன கேட்கப் போகிறோம் என்பதை உள்ளே தெளிவாக எழுதினோம். களத்தில் இறங்கிய பிறகு செய்த இந்த இரண்டு மாற்றங்களுக்கும் குழுவிடம் மறுபடி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. நீங்கள் இப்போதே செய்துவிட்டால் அந்த மூன்று வாரம் மிச்சம்.

5. ஒன்பதாம் கேள்விக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள்

என் கோப்பு திரும்பி வந்ததற்கு முதன்மையான காரணம் இதுதான். பி.எச்.கியூ-9இன் ஒன்பதாம் கேள்வி, இறந்துவிட்டால் நல்லது என்றோ தனக்குத்தானே தீங்கு செய்துகொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. "ஆம்" என்று ஒருவர் சொன்ன மறு நிமிடம் நேர்காணல் செய்பவர் என்ன செய்வார்? "உரிய சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்படும்" என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன். குழுவில் மருத்துவம் சாராத பொது உறுப்பினர் ஒருவர், "எங்கே, யாரிடம், எந்தக் கிழமை, பஸ்ஸுக்கு யார் காசு கொடுப்பார்?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை.

இப்போது எங்களிடம் இருக்கும் நடைமுறை ஒன்றரைப் பக்கம். எந்த அளவில் "ஆம்" என்று சொன்னாலும் அது தொடங்கிவிடும்; மொத்த மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்க்கும் வரை காத்திருப்பதில்லை. நேர்காணல் செய்பவர் கேள்விகளை நிறுத்தி, அந்த எண்ணம் எத்தனை நாளாக, எவ்வளவு அடிக்கடி வருகிறது, ஏதாவது திட்டம் இருக்கிறதா, முன்பு முயன்றது உண்டா, தீங்கு செய்யக்கூடிய பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பதற்றமில்லாமல் கேட்கிறார். இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று உதவியாளர்கள் பயப்படுவார்கள். அப்படி நேர்வதில்லை என்பதைப் பயிற்சியில் சொல்லிப் பழக்குங்கள். அங்கிருந்தே மூத்தவர் ஒருவருக்குப் போன் செய்கிறார். உடனடி ஆபத்து இருந்தால் பங்கேற்பவரைத் தனியே விட்டு வருவதில்லை. அவர் நம்பும் ஒருவரிடம், முடிந்தவரை அவருடைய சம்மதத்தோடு, விஷயத்தைச் சொல்லி, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறோம். ஆபத்து குறைவு என்றால், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் புறநோயாளிகளைப் பார்க்கும் இடமும் கிழமையும் எழுதிய சீட்டையும், 24 மணி நேரமும் இயங்கும் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416ஐயும் கொடுத்து, மறுநாளும் ஒரு வாரம் கழித்தும் விசாரிக்கிறோம்.

இதற்குத் துணையாக மூன்று காகிதங்கள் வேண்டும். நாங்கள் அனுப்புகிறவர்களைப் பார்ப்பதாக மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் கடிதம். உதவியாளர்கள் பயிற்சி பெற்றதற்கான சான்று. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் இன்னொருவரிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்று ஒப்புதல் படிவத்திலேயே ஒரு வரி. இந்த வரி இல்லாமல் "எதையும் யாரிடமும் சொல்ல மாட்டோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறுவது, குழு மன்னித்தாலும் ஊர் மன்னிக்காத தவறு. மருத்துவரின் கடிதத்துக்கு எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அவர் தாமதிக்கவில்லை, நான்தான் அவர் முகாமுக்குப் போகும் நாளாகப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தேன்.

நேர்காணல் செய்பவர்களையும் மறந்துவிடாதீர்கள். எங்கள் உதவியாளர்களில் ஒருவர், 23 வயதுப் பெண், ஒரே நாளில் இரண்டு பேர் அந்தக் கேள்விக்கு "ஆம்" என்று சொன்ன பிறகு, பள்ளிபாளையம் பேருந்து நிறுத்தத்தில் மூன்று பஸ்களை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு ஒரு நாளைக்கு நான்கு நேர்காணலுக்கு மேல் இல்லை, மாலையில் கட்டாயம் ஒரு போன் பேச்சு என்று வைத்துக்கொண்டோம். வரவுசெலவில் இதற்கான நாட்களைச் சேர்த்துவிடுங்கள்.

6. மற்ற அலுவலகங்களின் கடிதங்கள்

ஆய்வு நடக்கும் இடத்துக்குப் பொறுப்பானவர்களின் அனுமதிக் கடிதமும் வேண்டும்: அரசு மருத்துவமனை என்றால் அதன் தலைமை, ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் பொதுச் சுகாதாரத் துறை, பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலர். இங்கே ஒரு சுழல் இருக்கிறது: நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைக் கொண்டுவா என்று அலுவலகம் சொல்லும், அலுவலகத்தின் அனுமதியைக் கொண்டுவா என்று குழு சொல்லும். "நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கு உட்பட்டு ஆட்சேபணை இல்லை" என்று ஒரே வரியில் கடிதத்தை நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோய்க் கேளுங்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும்.

வெளிநாட்டுக் கூட்டாளியோ வெளிநாட்டுப் பணமோ இருந்தால், ஐ.சி.எம்.ஆர். வழியாகச் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவிடம் தனியாக அனுமதி பெற வேண்டும்; பணத்தை வாங்கும் தொண்டு நிறுவனத்துக்கு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் கீழ் பதிவும் வேண்டும். முதல் ஆய்வுக்கு இந்தப் பாதை வேண்டாம் என்பது என் கருத்து.

ஆலோசனை, குழுப் பயிற்சி போன்று எதையாவது கொடுத்துப் பார்க்கும் ஆய்வாக இருந்தால் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில், முதல் பங்கேற்பாளரைச் சேர்ப்பதற்கு முன்பே பதிய வேண்டும். கட்டணம் இல்லை. 2018 ஏப்ரல் 1 முதல், தொடங்கிய பிறகு வரும் பதிவை அவர்கள் ஏற்பதில்லை.

7. கோப்பைக் கட்டுதல், செலவு, காலம்

குழுவின் விண்ணப்பம், முன்வரைவு, தமிழிலும் ஆங்கிலத்திலும் தகவல் தாளும் படிவமும், வினாத்தாள்கள், உரிமக் கடிதங்கள், ஒன்பதாம் கேள்விக்கான நடைமுறை, அலுவலகக் கடிதங்கள், வரவுசெலவு, ஆய்வாளர் அனைவரின் தன்விவரம், ஆய்வு நெறிமுறைப் பயிற்சிச் சான்று ஆகியவை அடிப்படை. பயிற்சிச் சான்று இல்லாதவர்கள், சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இணையத்தில் நடத்தும் ஆய்வு அடிப்படைப் படிப்புகளைப் பாருங்கள். ஒவ்வொரு காகிதத்தின் அடியிலும் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கட்டும். ஒப்புதல் கடிதத்தில் அந்த எண் வரும். கையிலிருக்கும் படிவத்தில் வேறு எண் இருந்தால் அது ஒப்புதல் பெறாத படிவம்.

மாணவர் ஆய்வுக்குப் பல குழுக்கள் கட்டணம் வாங்குவதில்லை. வெளியாட்களுக்கும் நிதி பெற்ற ஆய்வுகளுக்கும் கட்டணம் உண்டு, நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும். எனக்கு ஆன செலவில் பாதி, பன்னிரண்டு படிகள் அச்செடுத்து, திருத்தம் வந்து, மறுபடி பன்னிரண்டு படிகள் அச்செடுத்ததுதான். மென்படி போதுமா என்று முதலில் கேளுங்கள். பங்கேற்பவருக்குப் போக வர ஆகும் செலவையும் இழந்த கூலியையும் கொடுக்கலாம். மறுக்க முடியாத அளவுக்குப் பெரிய தொகை கொடுத்தால் அது ஆசை காட்டுவதாகிவிடும்.

முழுக் கூட்டத்துக்குப் போகாமல் சில உறுப்பினர்களே பார்க்கும் விரைவுப் பரிசீலனைக்கு விண்ணப்பித்தால் சீக்கிரம் முடியும் என்று யாராவது சொல்வார்கள். தற்கொலை எண்ணத்தைப் பற்றிய கேள்வியும் எளிதில் பாதிக்கப்படக்கூடிய மக்களும் இருக்கும் ஆய்வைக் குழு பெரும்பாலும் முழுக் கூட்டத்துக்குத்தான் அனுப்பும். தவறான பெட்டியில் டிக் போட்டால் ஒரு சுற்று வீண். வினாத்தாளுக்கும் ஒப்பந்தத்துக்கும் ஆறு வாரம், முன்வரைவுக்கும் கடிதங்களுக்கும் ஆறு வாரம், அறிவியல் குழுவுக்கு ஒரு மாதம், நெறிமுறைக் குழுவுக்கும் அதன் கேள்விகளுக்கும் இரண்டு மாதம் என்று ஆறு மாதத்தைக் கணக்கில் வைத்து நிதி கேளுங்கள். உதவியாளர்களை ஒப்புதலுக்கு முன்பே நியமித்துச் சம்பளம் கொடுத்தவள் நான்.

8. கூட்டத்திலும் அதற்குப் பிறகும்

குழுவில் 7 முதல் 15 பேர் வரை இருப்பார்கள். பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்கள். வழக்கறிஞர், சமூகவியலாளர், பொது உறுப்பினர் எல்லோரும் இருப்பதால் துறைச் சொற்களைக் குறைத்துப் பத்து நிமிடத்தில் முடியுங்கள். எழுத்தில் வரும் கேள்விகளுக்கு, கேள்வியை அப்படியே எழுதி, அதன் கீழ் விடையும், மாற்றிய பக்க எண்ணும் கொடுங்கள். மாற்றங்களை அடிக்கோடிட்டுக் காட்டுங்கள்.

கடிதத்தில் இருக்கும் தேதிக்கு முன்பு ஒரு நேர்காணல்கூட எடுக்காதீர்கள். முடிந்த ஆய்வுக்கு முன்தேதியிட்டு ஒப்புதல் யாரும் தர மாட்டார்கள், ஒப்புதல் எண் இல்லாமல் நல்ல இதழ் எதுவும் வாங்காது. ஒரு கேள்வியைச் சேர்த்தாலும் ஓர் ஊரைக் கூட்டினாலும் திருத்த விண்ணப்பம் போட வேண்டும். பெயரும் தொலைபேசி எண்ணும் ஒரு பூட்டிய கோப்பிலும், விடைகள் வெறும் எண்ணோடு வேறொரு கோப்பிலும் இருக்கட்டும். கையெழுத்திட்ட படிவங்களைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். ஒப்புதல் எத்தனை மாதம் செல்லும் என்று கடிதத்தில் பார்த்து, முடிவதற்கு ஒரு மாதம் முன்பே முன்னேற்ற அறிக்கையோடு நீட்டிப்புக் கேளுங்கள். எங்கள் ஒப்புதல் முடிந்த தேதிக்கும் நீட்டிப்பு வந்த தேதிக்கும் இடையே பதினொரு நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் எடுத்த 27 நேர்காணல்களையும் பகுப்பாய்விலிருந்து எடுத்துவிட்டு, அந்த 27 பேரில் ஒன்பதாம் கேள்விக்கு "ஆம்" என்று சொன்ன மூவரை மட்டும் தொடர்ந்து விசாரித்துக்கொண்டிருந்தோம்.